சிறுநீரகச் செல்களும் என் மச்சானும்

ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்குப் போகிற ஆள் நான். செல்களுக்குக் கிழமை தெரியாது, ஐயா. வேளைக்கு உணவு மாற்றாவிட்டால் செத்துப்போகும். "உங்களுக்கு அந்தக் குடுவைங்கதான் குடும்பம்" என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நீங்கள் விசாரிக்கிறீர்களே, செத்துப்போனவன், அவன் அவளுடைய தம்பி. படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவனை என் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டது நான்தான். கெட்டிக்காரன். நாலு பேர் முன்னாலும் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவான். நான் தடுத்ததில்லை, கேட்க நன்றாகவே இருக்கும்.

என் இளம் வயதில் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, அழியாமல் வளர வைத்தேன். அவற்றில் ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். இதுவரை நாலாயிரம் கட்டுரைகளுக்கு மேல் அதைக் குறிப்பிட்டிருக்கின்றன. இதை மேற்கோள் என்போம். எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பதவி, விருது, மாநாட்டில் முன்வரிசை நாற்காலி எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவேன். கூடியிருந்தால் அன்றைக்குக் காப்பி ருசிக்கும்.

மச்சான் யாரும் கேட்காமலே அந்தச் செல்களைப் பரிசோதித்தான். அவை சிறுநீரகச் செல்களே இல்லையாம். பக்கத்துக் குடுவையில் வளர்ந்துகொண்டிருந்த வேறொரு புற்றுநோயின் செல்கள். அவசரத்தில் இரண்டு குடுவைக்கும் ஒரே பிப்பெட்டை, அதாவது உறிஞ்சுகுழாயைப் போட்டிருக்கிறேன். ஒரு சொட்டு போதும். வேகமாக வளர்வது மற்றதை இடம் தெரியாமல் ஆக்கிவிடும். எங்கள் தொழிலில் இது பலருக்கும் நடந்திருக்கிறது. முக்கால்வாசிப் பேர் வெளியே சொல்வதில்லை.

"அத்தான், கட்டுரையை நாமளே வாபஸ் வாங்கிடலாம். தெரியாம நடந்ததுதானே. யாரும் உங்களைத் தப்பா பேச மாட்டாங்க."

"நாலாயிரம் பேர் அதை நம்பி எழுதியிருக்காங்கடா."

"அதனாலதான் சொல்றேன். அதை நம்பி நோயாளிங்களுக்கு மருந்து கொடுக்கப் போறாங்க, அத்தான்."

நிதானமாகவே யோசித்தேன். இவன் ஒருத்தன் ஒன்று சொல்கிறான். நாலாயிரம் பேர் வேறொன்று சொல்கிறார்கள். யார் பக்கம் நிற்பது? அவன் குனிந்து, செல்களைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வாயு சிலிண்டரைத் திறக்கிற இரும்பு ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. எடுத்துப் பின்னந்தலையில் ஓங்கி அடித்தேன். எலும்பு உடைவது கையில் தெரிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, "அத்தான், என் மேல என்னமோ விழுந்துடுச்சு" என்றான். நான் அடித்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஒரு முறை செய்ததை முடிவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. மாணவர்களிடமும் அதைத்தான் சொல்வேன்: எதையும் மூன்று முறை செய்து பார்க்க வேண்டும். இரண்டாவது அடி காதுக்கு மேலே. அதிலேயே சரிந்துவிட்டான். மூன்றாவதை நெற்றியில் கொடுத்தேன். குடுவை மூடிகளிலெல்லாம் ரத்தம் தெறித்திருந்தது. முதலில் அவற்றைத் துடைத்து உள்ளே வைத்து, இன்குபேட்டர் கதவைச் சாத்தினேன். செல்களுக்குச் சூடு குறையக்கூடாது.

பிறகு சிலிண்டரை அவன் மேல் சாய்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அங்கேதான் கோட்டைவிட்டேன். சிலிண்டர் ஒரு தடவைதானே விழும். உங்கள் மருத்துவர் மூன்று காயம் என்று எழுதிவிட்டார். பழக்கதோஷம், வேறென்ன சொல்வது.

மனைவி இங்கே வந்து பார்த்தாள். "அவனை உங்க கையில பிடிச்சுக் கொடுத்தேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு எங்கள் துறை புரியாது.

அவன் எழுதி முடித்திருந்த கட்டுரையை ஆய்வகத்துப் பிள்ளைகள் நேற்று இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம். நான் கண்டதெல்லாம் தவறு என்று அதில் இருக்கிறது. இருக்கட்டும். தவறு என்று சொல்லவும் என்னைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? உங்கள் காவலரைப் போனில் பார்க்கச் சொன்னேன். எண் கூடியிருக்கிறது. அவன் காட்டியிருக்கும் மேற்கோள்களில் முதலாவதே நான்தான். என் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐயா.