தொடையில் போட்ட தாளம்

— முதுகைத்தான் பாத்தேள்னு உங்க தங்கை மர்சலின் சொன்னா. முகத்தைப் பாக்கவே இல்லையா, மிஸ்டர் வால்டர்?

— முதல்ல உக்காருங்க, சூடாமணியம்மா. மர்சலின் காபி போட்டுகினு கீது. நீங்க எங்க வூட்ல குடிக்க மாட்டீங்கன்னு சொன்னேன், கேக்கல.

— உக்கார நேரமில்லே. வாசல்ல ஜட்காவை நிறுத்தி வச்சிருக்கேன். மாமனார் கபாலி கோயிலுக்குப் போயிருக்கார். அவர் திரும்பறதுக்குள்ள நான் ஆத்துல இருக்கணும். தனியா சாந்தோமுக்கு வந்தேன்னு தெரிஞ்சா வேற வினையே வேண்டாம். சொல்லுங்கோ. அது எங்காத்துக்காரர்தானா?

— அனந்தராமன் சாரேதாம்மா. மாதா மேல ஆணை. ரெண்டு வருசம் பட்டாளத்துல ஒரே ஆஸ்பத்திரி யூனிட்ல இருந்தோம். அவரு குமாஸ்தா, நான் காயத்துக்குக் கட்டு கட்டறவன். எனக்குத் தெரியாதா?

— மார்கழியிலே லாரியோட நதிக்குள்ள போயிட்டார், உடம்பு கிடைக்கலைன்னு தந்தி வந்தது. அப்புறம் செத்துப்போனதாவே வச்சுக்கோங்கோன்னு ஒரு காயிதம்.

— லாரி விழுந்திச்சு, அது மெய்தான். நான் பாத்தது அதுக்கப்புறம். ஈஸ்டர்லாம் கழிஞ்சு, அந்தப் பக்கம் சண்டை நின்னப்புறம்.

— எந்த ஊர்?

— ப்ளாரன்ஸு. இத்தாலி தேசம். ஊர் பூராவும் கல்லு, சிலை, மாதா கோயிலு. நின்னு பாத்தா கழுத்து வலிக்கும். பாலத்தையெல்லாம் ஜெர்மன்காரன் வெடி வச்சிட்டுப் போயிட்டான். ஒரே ஒரு பழைய பாலம் தப்பிச்சு நிக்குது. அது மேல வரிசையா நகைக்கடைம்மா. நம்ம அடையாறு பாலத்து மேல கடை போட்டா எவனாச்சும் சும்மா வுடுவானா?

— நகைக்கடை எனக்கெதுக்கு? கச்சேரியிலே பாத்தேளாமே, அதுக்கு வாங்கோ.

— வரேன். குதிரைக்கு மேல பறக்கறீங்க.

— குதிரையும் கால் மாத்திண்டேதான் நிக்கறது.

— தியேட்டர் கூரையில பாதி இல்ல. பட்டாளத்துக்காரனுக்கு ஓசி. நான் மாடியில நின்னுகினு பாக்கறேன். கீழ மேடையில அம்பது பிடிலு இருக்கும். அத்தினி பேரும் ஒரே மாதிரி வில்லை இழுக்கறான். நடுவுல ஒருத்தன் குச்சியை ஆட்டிகினு நிக்கறான். கேக்கறவன் எவனும் தலையைக்கூட ஆட்டல. இருமல் வந்தாலும் முழுங்கறான். பூசையில மணியடிக்கற நேரம் மாதிரி கீது.

— அந்த அமைதியிலே?

— அந்த அமைதியில, கீழ ஒருத்தரு தொடையில தாளம் போடறாரு. பட் பட்டுனு மாடி வரைக்கும் கேக்குது. பட்டாளத்துக் கோட்டு. கழுத்து நம்ம நெறம். சுத்தி இருக்கறவன்லாம் திரும்பித் திரும்பி முறைக்கறான். அவருபாட்டுக்குப் போட்டுகினே கீறாரு.

— எப்படிப் போட்டார்? காட்டுங்கோ.

— எனக்கு இன்னா தெரியும்? இப்படி ஒரு தட்டு. அப்புறம் சுண்டு விரல்லேர்ந்து ஒவ்வொண்ணா மூணு விரலு. அப்புறம் தட்டி, கையைத் திருப்பி. மறுபடி தட்டி, திருப்பி.

— தப்பாமலா?

— ஒண்ணுகூடப் பிசகல. குச்சிக்காரனே அவரைப் பாத்து ஆட்டலாம். யூனிட்ல இருந்தப்போ ஒரு நாள் பாட்டுப் பேச்சு எடுத்ததில்ல. அவ்ளோ அடக்கம்... ஏம்மா, என் கையையே பாக்கறீங்க?

— ஒண்ணுமில்லே.

— நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?

— இல்லே. மேல சொல்லுங்கோ.

— மேல வேணாம்மா. அதோட வுட்ருங்க.

— மிஸ்டர் வால்டர், நாளைக்கு தர்ப்பையிலே அவர் மாதிரி ஒரு உருவம் பண்ணிக் கொளுத்தப்போறா. பத்தாம் நாள் என் தாலியை எடுத்துட்டு நாவிதன் முன்னாடி உக்காத்தி வைக்கப்போறா. இதுக்கு மேல என் காதுல விழக்கூடாதது என்ன இருக்கு?

— பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அந்தக் கையைப் புடிச்சு தன் மடியில வச்சிகிச்சு. அவரும் வுட்டுட்டாரு. கச்சேரி முடிஞ்சதும் படியில உருண்டு பொரண்டு ஓடினேன். ரெண்டு பேரையும் காணோம். ஆபீசர்கிட்ட சொன்னா, குடிச்சிருக்கியான்னு கேக்கறான். கப்பல்ல வந்தேனே, கண்ணை மூடினா அந்தக் கைதான். அந்த ஊர்ல தொடையில தாளம் போட மயிலாப்பூர் ஐயரை வுட்டா வேற எவன் கீறான், சொல்லுங்க?

— கொஞ்சம் தண்ணி கொடுக்கறேளா?

— எங்க வூட்டுத் தண்ணியா?

— நாக்கு ஒட்டிக்கறது. கொடுங்கோ.

— மர்சலின், தண்ணி கொண்டா... அழாதீங்கம்மா. உசிரோடதான் கீறாரு.

— அழலை. நீங்க சட்டையை மாத்திண்டு என்னோட வாங்கோ. சாஸ்திரிகள் வரதுக்குள்ள இதை மாமனார்கிட்ட சொல்லணும்.

— தனியா வந்ததே வினைன்னீங்க. என்னையும் கூட்டிகினு போனா?

— திட்டட்டும். திட்டிண்டே கேப்பார்.

— அந்தப் பொண்ணு சமாச்சாரத்தையுமா சொல்லணும்?

— அதைத்தான் முதல்ல சொல்லணும். உசிரோட இருக்கறவாதானே தப்புப் பண்ணுவா. பிள்ளை கெட்டுப்போயிட்டான்னு அன்னம் ஆகாரமில்லாம கிடப்பார். ஆனா கொளுத்த மாட்டார்.

— மொகத்தைப் பாத்தியான்னு கேட்டா?

— பாக்கலைன்னே சொல்லுங்கோ. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். பாத்ததைச் சொன்னாப் போறும். அதுல ஒண்ணை மட்டும் விட்டுடுங்கோ.

— எத?

— தாளத்தை.

— அதாம்மா அடையாளமே. அத வச்சுத்தான அவருன்னு கண்டுபுடிச்சேன்?

— அவருக்கு நாலு தட்டு சேர்ந்தாப்பல பிசகாம விழாது, மிஸ்டர் வால்டர். அவரைப் பெத்தவருக்கு அது தெரியும்.