தம்பி வாங்கித் தந்த தட்டுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டிகையன்று மேசையின் தலைப்பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நீ, எதிரே கைப்பேசியும் கையுமாக உன் பையன், அடுப்பை ஒட்டி உன் மருமகள். நான் வழக்கம்போல் கழுவுதொட்டிக்கு அருகில். எல்லாருடைய தட்டையும் கழுவுகிறவன் அங்கே உட்காருவதுதான் வசதி.

பரிமாறும்போது பெரிய தட்டு மருமகள் கையில் இரண்டாகப் பிளந்தது.

“கையா அது, சல்லடையா?” என்றாய்.

“இறுக்கிப் பிடிச்சுட்டுதான் அத்தை இருந்தேன். அதுவாதான் விட்டுச்சு.”

“தட்டுக்கே உன்னைப் பிடிக்கலை போல,” என்று அத்தான் சிரித்தார்.

நீ அவள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தள்ளினாய். “அடுத்த பண்டிகைக்கு இந்த மேசையில எனக்கு இடம் வேண்டாம்,” என்று எழுந்து போனாள். இப்போது தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்க்கிறார்களாம். ஆகவே எழுதுகிறேன். அந்தத் தட்டை உடைத்தது நான். அதற்கு முன் உடைந்தவற்றையும் நான்தான்.

பரிசு வாங்குவதன் கஷ்டம் உனக்குத் தெரியாது, நீ வாங்கிக்கொள்கிறவள். ஒரு பண்டிகைக்கு உனக்கு மெழுகுவத்தித் தாங்கி கொடுத்தேன். அது யார் யார் வீட்டுக்கோ போய், சுற்றிய காகிதம்கூடப் பிரியாமல் என் பிறந்தநாளுக்கு என்னிடமே வந்து சேர்ந்தது. நான் வருத்தப்படவில்லை. ஒருவருக்கு வேண்டியதைக் கொடுக்க, முதலில் அவருக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். உன் வீட்டிலோ எல்லாம் இருந்தது.

பீங்கான் கடைக்காரர்தான் வழி காட்டினார், பாவம், தெரியாமல். தட்டை விரல்முட்டியால் தட்டினால் நல்லது கணீரென்னும், விரிசல் விட்டது மொத்தென்னும். சூட்டோடு இருக்கும் தட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடுமாம். உன் கழுவுதொட்டியில் வெந்நீரும் வரும், பச்சைத் தண்ணீரும் வரும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிறகொரு நாள் யார் கையிலாவது உடையும். யார் என்பதை நான் தீர்மானித்ததில்லை. எனக்கு யார்மேலும் வஞ்சம் கிடையாது.

சிவப்பு விளிம்பும் பொன் நட்சத்திரமும் போட்ட பண்டிகைத் தட்டுகள் முழு செட்டாக வாங்கக் கட்டுப்படியாகாது. பண்டிகை முடிந்ததும் உதிரிகளைக் கூடையில் கொட்டி மலிவாக விற்பார்கள். உன் வீட்டில் உடைந்த அளவுக்கு வாங்கி வைத்துக்கொள்வேன். பொட்டலத்தைப் பிரித்ததும், “என் வீட்டுக்கு என்ன வேணும்னு என் தம்பிக்குத்தான் தெரியும்,” என்பாய். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பாத்திரம் வேண்டுமானாலும் தேய்க்கலாம்.

அவள் தொட்டதெல்லாம் உடைகிறது என்று நீங்கள் பேச ஆரம்பித்தபோதே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் அந்த வருடப் பொட்டலத்தைக் கட்டிவிட்டேன்.

அவளை மேசைக்குக் கூப்பிடு. பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் போடு. என் பிராயச்சித்தமாக ஒரு முழு செட்டே இதே தபாலில் வருகிறது. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் கணீர். இனி அந்தப் பெண்மேல் பழி விழாது. அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி

(உறையின் பின்பக்கம்)

ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது, தபால்காரர் வாசலில் நிற்கிறார். நீலக் காகிதம் சுற்றிய தட்டு அத்தானுக்கு. அவருக்குச் சூடாகப் பரிமாறு.