பான்வா தீவில் யாரும் இல்லை

நேற்று நீ குடையை என் ஆபீஸில் மறந்துவிட்டுப் போய்விட்டாய், சாயிமா. இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுத்தனுப்புகிறேன். பபேடானிலிருந்து லான்மடாவில் உன் வீடு வரைக்கும் மழையில் நனைந்துகொண்டே போயிருப்பாய் என்று நினைக்கச் சங்கடமாக இருந்தது.

நீ உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாய். போன் கம்பெனியில் கேட்டு வாங்கிய பட்டியல். உன் கணவன் ஜுல்ஃபிகர் கடைசி மூன்று நாளில் யாருக்கெல்லாம் பேசினான் என்று அதில் இருந்தது.

"மூணு தடவையும் உங்களுக்குத்தான் அடிச்சிருக்காரு அண்ணே. என்ன சொன்னாரு?" என்று கேட்டாய்.

லைன் சரியில்லை, ஒன்றும் விளங்கவில்லை என்றேன். அது மரியாதையான பதில் இல்லை. பத்தொன்பது வருடமாகப் பெருநாளன்று உன் வீட்டில் சாப்பிட்டவன் நான். அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். உனக்கு ஏன் அவன் பேசவில்லை என்று வருத்தப்படாதே. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பான்.

என் தொழில் உனக்குத் தெரியும். நான் ப்வேஸா. நிலத்துக்கும் வீட்டுக்கும் தரகு பார்ப்பவன். போன வருடக் கடைசியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தீவு ஒன்று கேட்டது. தெற்கே மெய்க் துறைமுகத்திலிருந்து படகில் ஐந்து மணி நேரம் போனால் பான்வா தீவு. விற்பனைக்கு என்றுதான் நாங்கள் சொல்வோம், காகிதத்தில் நீண்ட குத்தகை. வெள்ளை மணலில் நாற்பது குடில்கள், நடுவில் நீச்சல் குளம் என்று அவர்கள் வரைந்து அனுப்பிய படம் அழகாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். தீவில் யாரும் குடியிருக்கக் கூடாது. அதை நேரில் பார்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

பிப்ரவரியில் ஜுல்ஃபிகரைக் கூட்டிக்கொண்டு அளக்கப் போனேன். அவனைவிட நல்ல சர்வேயர் ரங்கூனில் எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே ஏழு குடிசைகள் இருந்தன. சலோன் ஆட்கள், கடலிலேயே பிழைக்கிறவர்கள். குழந்தைகளையும் சேர்த்து முப்பத்தொரு பேர் என்று ஜுல்ஃபிகர் எண்ணினான். ஒரு பெண் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தாள். வயதில் மூத்தவன் என்று எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். நல்ல தண்ணீர். அந்தத் தீவில் அது ஒன்றுதான் குடிக்கிற தண்ணீர்.

திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது அந்த முப்பத்தொரு பேரை அவன் எழுதும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

"அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, ஆளே இல்லேன்னு எப்புடி எழுதுறது காசிண்ணே?"

"அவங்ககிட்ட ஒரு துண்டுக் காயிதம் இருக்கா?"

"அவங்க ஆளுங்களப் பொதைச்ச பதினாலு கபுரு இருக்கு. அது போதாதா?"

அவனோடு நான் சண்டை போடவில்லை. ஆனால் போதாது, சாயிமா. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால், அறுபத்து நாலில், என் தாத்தாவின் கடையை அரசாங்கத்துக்கு எடுத்துக்கொள்ள வந்தவர்கள் ஒரே ஒரு தாளைத்தான் காட்டினார்கள். கடையில் நாற்பது வருடம் உட்கார்ந்திருந்ததை அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு நியாயம், சலோன் ஆட்களுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

ஏப்ரல் மாதம் தனியாகப் போனேன். கோடையின் உச்சம். அவர்கள் மீனுக்கும் சிப்பிக்கும் கடலில் இறங்கும் நேரம் பார்த்து, படகுக்காரனின் உதவியோடு இரண்டு பீப்பாய் டீசலைக் கிணற்றில் ஊற்றினேன். ஓட்டலுக்குக் கடல்நீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வரப்போகிறது, அதனால் கிணறு கெட்டால் நஷ்டமில்லை. அவர்களாகவே வேறு தீவு பார்த்துப் போய்விடுவார்கள் என்பது என் கணக்கு. யாரையும் மிரட்டவில்லை, குடிசைக்குத் தீ வைக்கவில்லை. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் அனுப்பி அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடிசை வாசலிலும் அரை மூட்டை அரிசி வைத்துவிட்டு வந்தேன்.

ஜுல்ஃபிகர் அங்கே திரும்பிப் போவான் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் தவாய் ஊரில் நிலம் அளக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்த அடுத்த வாரம், வியாழக்கிழமை மத்தியானம் முதல் போன் வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலை உச்சிக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

"கெணத்துல எண்ணெ கெடக்குதுண்ணே. புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க. இளநியும் தீந்துபோச்சு. இவங்க இப்பவே கெளம்பணுங்கறாங்க, கடல் அமைதியா இருக்கு. போகச் சொல்லவா?"

"வேணாம்," என்றேன். "சின்னப் படகுல புள்ளைங்களோட போக வேணாம். மெய்க்குலேருந்து பெரிய படகு அனுப்புறேன். தண்ணியும் டாக்டரும் வரும். அங்கேயே இருங்க."

"அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்ணே," என்றான்.

எதற்கு அங்கே போனாய் என்று போனை எடுத்ததுமே கேட்டிருந்தேன். முப்பத்தொரு பேரின் பெயரையும் எழுதி, கைநாட்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னான். அதை ரங்கூனுக்குக் கொண்டுவந்து ஒரு வக்கீலிடம் கொடுக்கப் போவதாகவும் சொன்னான். கிணற்றில் டீசல் விழுந்தது எப்படி என்று அவன் யோசிக்கவே இல்லை. அவன் மனம் அப்படிப்பட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது போன். படகு கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது என்றேன். சனிக்கிழமை காலை மூன்றாவது முறை அடித்தபோது நான் எடுக்கவில்லை. சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

நான் எந்தப் படகையும் அனுப்பவில்லை. அமைதியான கடலில் கிளம்பியிருந்தால் அந்தக் கைநாட்டுத் தாள்களும் ரங்கூன் வந்து சேர்ந்திருக்கும். சனிக்கிழமை அந்தப் பக்கம் புயல்காற்று அடிக்கும் என்ற அறிவிப்பை வியாழன் காலையிலேயே பேப்பரில் படித்திருந்தேன். தீவிலேயே இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார்கள்?

சனிக்கிழமை மத்தியானம், காத்திருந்தது போதும் என்று மூன்று படகில் கிளம்பியிருக்கிறார்கள். இரண்டு படகு எப்படியோ வேறொரு தீவில் கரை சேர்ந்தது. மூன்றாவதில் பதினோரு பேர். ஆறு பேர் குழந்தைகள். மிகவும் முடியாமல் கிடந்தவர்களை அதில் ஏற்றி, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஜுல்ஃபிகரும் ஏறியிருக்கிறான். கைநாட்டுத் தாள்கள் அவன் பையில்தான் இருந்தன. படகும் கிடைக்கவில்லை, பையும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் நான் பான்வாவுக்குப் போனேன். காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஏழு குடிசைக்குள்ளும் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஒரு குடிசையில் அரிசி பிரிக்காமல் இருந்தது. பிறகு கரையில் உட்கார்ந்து, தீவில் மனித நடமாட்டம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சாயிமா. ஜுல்ஃபிகர் இருந்திருந்தால் அன்று அவனும் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருப்பான்.