முகம் காட்டாத சித்திரம்

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! மாலைத் தேநீரையும் மறந்து வந்திருக்கும் உம்மாமார்களே, தாய்மார்களே! ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்து இளையோரே! பழைய சஞ்சிகைகளைக் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் கொடுக்காமல் காத்து, கல்முனையில் இந்தக் கண்காட்சியை வைத்திருக்கும் நண்பர் கனகரெத்தினம் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும். என் வணக்கமும் உரித்தாகட்டும்.

மங்கிய மை, மஞ்சளித்த தாள், மடிப்பில் கிழிந்த மூலை. கதையை மறந்துவிட்டோம், கதைக்கு வரைந்த படத்தை மட்டும் ஏன் மறக்க முடியவில்லை? யாரோ ஓர் ஓவியர் வரைந்த யாரோ ஒரு பெண், எப்படி நம் வீட்டுப் பெண் ஆகிறாள்?

என் மனைவி நஸ்லியாவை வைத்துத்தான் இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். சுவரில் உருவப்படம் மாட்டாத வீடு எங்களுடையது. அவளோ சஞ்சிகைப் படமென்றால் உயிரை விடுபவள். கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். நீண்ட சடை, ஒரு தோளில் சரிந்த முந்தானை. அந்தப் படத்தை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டாள். முகமே இல்லையே என்று கேலி செய்தேன்.

"முகம் எனக்கிட்ட இரிக்கே" என்றாள்.

என்ன, முன்வரிசையில் சீனிமுகம்மது காக்கா சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள், நானும் அன்று சிரித்தவன்தான்.

கடல் எழுந்து ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை அவளும் போனாள், அலுமாரியும் போனது, அதற்குள் இருந்த கல்யாணப் படங்களும் போயின. கடல் எட்டாத நற்பிட்டிமுனையில் சாச்சி வீட்டில் இருந்த கைக்குழந்தை, என் மகள் நப்லா மட்டும் எனக்கு மிஞ்சினாள். உம்மா எப்படி இருப்பா என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். நிறம் சொன்னேன், நடை சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன்.

"அது எல்லா உம்மாக்கும் சொல்றதுதானே, வாப்பா" என்றாள்.

சொல்லால் ஒரு முகத்தைச் செய்துவிட முடியுமா? மேடை மேடையாக முழங்கிய நாக்கு, பெற்ற மகளின் முன்னால் தோற்றது, பெரியோர்களே.

சற்று முன்னர்தான் கண்காட்சியைத் திறந்து வைத்தோம். எனக்கு முன்னே நடந்த மகள் ஓரிடத்தில் நின்றாள். எட்டிப் பார்த்தேன். அதே கடற்கரை! அதே சடை! அதே முந்தானை! படத்துக்குள்ளே முதுகு காட்டி ஒருத்தி; படத்துக்கு முன்னால் முதுகு காட்டி என் மகள். அவளுடைய ஷோலும் அதே தோளில் சரிந்திருந்தது. எத்தனை ஆண்டு ஏக்கம்! என்னை அறியாமல் "நஸ்லியா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

திரும்பியது என் மகள். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"உன்ட உம்மா இப்பிடித்தான் இரிப்பா, மகள்" என்றேன்.

படத்தைக் காத்துத் தந்த கனகரெத்தினம் அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. உள்ளே போய்ப் பாருங்கள்; உங்களுடையவர் ஒருவரும் அங்கே நின்றுகொண்டிருக்கலாம். வஸ்ஸலாம், வணக்கம்.