கொரியாப் பங்காளிகள்

— மொதல்ல அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டச் சொல்லுங்கப்பா. அவங்க வண்டி வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிருச்சாம். இன்னும் சித்த நேரத்துல நம்ம முக்குக்கு வந்துருவாங்க.

— எதுக்குக் கழட்டோணும், அம்மிணி? 'கொரியா நாட்டிலிருந்து வரும் எங்கள் பங்காளிகளே, வருக வருக'ன்னுதானே போட்டிருக்கறேன். வராதீங்கன்னா போட்டிருக்கறேன்? இந்தப் பூபதிராஜா ஊட்டுக்கு ஆரு வந்தாலும் மருவாதி பண்ணித்தான் பழக்கம்.

— இது மருவாதியாங்க? ஜின்ஹோவைக் கட்டிக்கறேன்னு நான் உங்ககிட்டச் சொல்லி ஒரு மாசமாச்சு. ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. இப்ப அவரும் அவங்கம்மாவும் பொண்ணு கேட்டு வர்ற அன்னிக்குப் பார்த்து, பங்காளின்னு ஊரு முக்குல எழுதி வெச்சிருக்கறீங்க. பங்காளிக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு வடகரப்பதியில பச்சக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க.

— குடுக்க மாட்டேன்னு நான் எங்கயாச்சும் சொன்னனா?

— அட, சொல்லாமச் சொல்றதுலதானே உங்கப்பா கெட்டிக்காரரு, நர்மதா! காலைல பால் ஊத்தற எடத்துல எங்க குப்பண்ணன் அண்ணன் புடிச்சுட்டாரு. 'ஏம்மா சின்னத்தாயி, உங்கூட்டுக்காரருக்குக் கொரியாவுல எந்தக் காலத்துலம்மா பாகம் பிரிஞ்சுது? அங்க எத்தனை ஏக்கரா வருது?'ங்கறாரு. நான் தூக்குப்போசியைத் தூக்கிட்டு ஓடியாந்துட்டேன்.

— உங்கண்ணனுக்கு என்ன தெரியும்? நானாவா கட்டிவிட்டேன்? போன பொங்கலுக்கு உம்பட மகதானே சொன்னா? நூத்திச் சொச்ச வருசத்துக்கு முந்தி, அமெரிக்காவுலருந்து ஒருத்தரு கொரியாவுக்கு வாத்தியாரு வேலைக்குப் போனாரு. அந்தப் பாஷையும் நம்ம தென்னாட்டுப் பாஷைகளும் ஒரே வம்சம்னு அவரு பொஸ்தகமே போட்டிருக்கறாரு. அதைப் பத்தி எழுதுனதுக்குத்தானே இவளுக்கு டாக்டர் பட்டம் குடுக்கறாங்க? ஏன், கண்ணு, சொன்னயா இல்லையா?

— சொன்னேனுங்க. அவரு சொன்னது தப்புன்னு அப்பறம் வந்தவங்க கண்டுபுடிச்சதையும் சொல்ல வந்தேன். நீங்கதான் பாதிக் கதையில எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டீங்க.

— தண்ணி காட்டற நேரத்துல கதை சொன்னா?

— அதுக்காகப் பாதிக் கதையை ஃப்ளெக்ஸ் அடிப்பீங்களா?

— சரி, மீதியை இப்பச் சொல்லு. அவங்களும் நம்மளாட்டத்தான் பேசறாங்கன்னு சொன்னயே, அதும் பொய்யா?

— அது நெசந்தானுங்க. நாம 'சோறு உண்டேன்'னு சொல்ற மாதிரியேதான் அவங்களும் வரிசை வெப்பாங்க, இங்கிலீஷு மாதிரி 'உண்டேன் சோறு'ன்னு மாத்த மாட்டாங்க. நாம பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடறமில்ல, அவங்க 'யோ' போடுவாங்க. பெரியவங்ககிட்ட அது இல்லாமப் பேசுனா ஆகாது.

— பாத்தயா! மருவாதி தெரிஞ்ச சனம். அப்பறம் என்ன?

— ஜப்பான்காரங்களும் துருக்கிக்காரங்களும்கூட வரிசையை அப்படித்தான் வெப்பாங்க. நம்ம தோட்டத்துலயும் சொட்டுநீர்க் கொழா, பஞ்சாயத்து மெம்பர் தோட்டத்துலயும் சொட்டுநீர்க் கொழா. அதை வெச்சு ரெண்டும் ஒரே பாட்டன் சொத்துன்னு சொல்லிர முடியுமா?

— மெம்பர் தோட்டத்தை இங்க இழுக்காத. அவனுக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம்.

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க.

— அப்ப அந்த அமெரிக்காக்காரரு படிச்சவரு, பொய்யா எழுதுனாருங்கறயா?

— பொய்யில்லீங்கப்பா, ஆசை. எனக்கு அப்படித்தான் தோணுது. அவரு அங்க இருந்தப்ப ஜப்பான்காரங்க அந்த நாட்டை முழுங்க வந்தாங்க. அந்தச் சனத்துக்காக இவரு வெளிநாட்டுக்கெல்லாம் போயிப் பேசிப் பாத்தாரு. ஆரும் காதுல வாங்கலை. இப்படிப்பட்ட சனத்துக்கு உலகத்துல ஒரு ஒறவுகூடவா இல்லாமப் போச்சுன்னு அவருக்குத் தாங்கலை போல. அவருக்கு முந்தியே பிரெஞ்சுப் பாதிரிமாரு, தமிழோட ஒத்துப் போகுதுன்னு கோடு காட்டியிருந்தாங்க. இவரு அதைப் புடிச்சுக்கிட்டாரு.

— இப்ப எங்க இருக்கறாரு சாமி, அந்த மனுசன்?

— அவரு போயி ரொம்ப வருசமாச்சுங்கம்மா. வயசான காலத்துல மறுபடியும் கொரியாவுக்கே போயி, அங்கயே செத்து, அங்கயே பொதைச்சிருக்காங்க. ஆராய்ச்சிக்கு அங்க போனப்ப ஜின்ஹோவை நான் மொதமொதல்ல பாத்ததே அந்தச் சமாதிகிட்டத்தான். பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு வெளக்கம் சொல்லிட்டிருந்தாரு. அவரும் இதையேதான் ஆராய்ச்சி பண்றாரு, அதுக்காகத் தமிழும் படிச்சிருக்காரு. 'நீங்க தமிழா? அப்ப நீங்கதானா எங்க காணாமப் போன சொந்தம்?'னு சிரிச்சாரு.

— சுடுகாட்டுலயா பாத்துக்கிட்டீங்க? நல்ல சகுனம் போ!

— நீ சித்தச் சும்மா இரு, சின்னத்தாயி. பையன் என்ன சொன்னான், சொந்தம்னா?

— கிண்டலுக்குச் சொன்னாருங்கப்பா. அது உண்மையில்லைன்னு அவருக்கும் தெரியும்.

— கிண்டலோ நெசமோ, அவனே சொந்தம்னு ஒத்துக்கிட்டானா இல்லையா?

— அப்பா! அந்த மனுசன் தப்புதான் பண்ணுனாரு. ஆனா, அந்தத் தப்பையே அந்தச் சனத்துக்கு ஒரு ஊட்டுக் கதவாச்சும் தொறக்காதான்னுதான் பண்ணுனாரு. நீங்க அதே தப்பை எடுத்து உள்பக்கமாத் தாப்பாள் போட்டுட்டீங்க.

— வாய் நீளுது.

— நீளட்டுமுங்க. நான் ஓடிப் போகப் போறதில்லை. உங்களை மீறி ஆரையும் கட்டிக்கப் போறதுமில்லை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, அவங்களுக்குச் சாப்பாடு போட்டு நானே ஏர்போர்ட்ல கொண்டு போயி விட்டுட்டு வந்தறேன். ஆனா அதை நீங்க சொல்லோணும். உங்க வாயால. செத்துப் போன மனுசன் தலைல தூக்கி வெக்காதீங்க.

— ஏனுங்க, எங்கூட்டுக்குப் பொண்ணு கேட்டு நீங்க வந்தப்ப எங்கப்பன் உலக்கையைத் தூக்கிட்டு நின்னுது. அப்பவும் நெஞ்சை நிமித்தி, 'இருந்தா இந்தப் பொண்ணு, இல்லைனா கல்யாணமே இல்லை'ன்னு மொகத்துக்கு நேராச் சொன்ன ஆளு நீங்க. இன்னைக்கு என்னமோ ஃப்ளெக்ஸுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டிருக்கறீங்க.

— ஆரு ஒளிஞ்சா? அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்லை. அவன் போன்ல பேசுனப்பக்கூட 'மாமா'ன்னு வந்த வாயை நிறுத்தி, 'ஐயா'ன்னான். நான் இன்னும் ஆமாஞ் சொல்லலைங்கறது அவனுக்கு ஞாபகம் இருந்துது. அது எனக்குப் புடிச்சுது.

— புடிச்சுதா? எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையேங்கப்பா!

— எதுக்குச் சொல்லோணும்? நாளைக்குக் கோயில் தேருக்குப் போனா, 'எந்த ஊரு மாப்பிள்ளை? என்ன முறை?'ன்னு நாலு பெரியவங்க கேப்பாங்க. முறை இல்லாத ஊட்டுல பொண்ணு குடுத்தான்னு இந்த ஊட்டு மேல இதுவரைக்கும் ஒரு சொல் வந்ததில்லை. என்னோட காலத்துல அது வரப்படாது. அதுக்குத்தான், பையன் மனசும் நோகாம ஒரு வழி தேடுனேன்.

— நல்லாத் தேடுனீங்க போங்க! சரி, இப்பவாச்சும் அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டிருங்க.

— கழட்ட முடியாது. ஊரே படிச்சாச்சு. நேத்துப் பங்காளின்னவன் இன்னைக்கு இல்லைன்னா, எம்பட பேச்சுக்கு என்ன மதிப்பு? சொன்னது சொன்னதுதான்.

— அப்ப நான் ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லிர்றேன்.

— சித்த இரு. ஆரும் உன்னை வண்டி சொல்லச் சொல்லலை.

— ஏனுங்க, வந்துட்டாங்க! வாசல்ல வண்டி நின்னுருச்சு. அய்யோ, இந்தச் சீலைல மஞ்சக் கறை… அந்தம்மா எறங்கி நின்னு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு நம்ம ஊட்டைப் பாத்துக் கும்பிடறாங்க, பாருங்க!

— அவங்க பழக்கமுங்கம்மா. ஜின்ஹோ மொகத்தைப் பாருங்க. முக்குல ஃப்ளெக்ஸைப் படிச்சுட்டாரு. பங்காளின்னா என்னன்னு நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன்.

— செருப்பைக் கழட்டிட்டு வெளியவே நிக்கறாங்களே? உள்ள வந்தா என்ன?

— கூப்புடாம வர மாட்டாங்கப்பா.

— மருவாதி தெரிஞ்ச சனம்.

— மருவாதி இருக்கட்டும். நான் போயி அந்தம்மாவை என்ன முறை சொல்லிக் கூப்புடட்டும்? பங்காளி பொண்டாட்டின்னா எனக்கு ஓரகத்தி. 'வாங்க ஓரகத்தி'ன்னு சொல்லட்டுங்களா? சீக்கிரஞ் சொல்லுங்க, வெயில்ல நிக்கறாங்க.

— பொறு. நர்மதா, அந்த அமெரிக்காக்காரரு பாஷையை வெச்சுத்தானே சொந்தம்னு சொன்னாரு?

— ஆமாங்கப்பா. ஆனா…

— இந்தப் பையனுக்கு அந்தப் பாஷை ஆருகிட்டருந்து வந்துது?

— அவங்கம்மாகிட்டத்தானுங்க. அவங்கப்பா இவரு பொறந்த வருசமே தவறிட்டாரு.

— அப்ப அந்தச் சொந்தம் அந்தம்மா வழில வந்த சொந்தம்.

— அப்பா, சொந்தமே கெடையாதுன்னுதானே நான் இத்தனை நேரமா…

— நீ வாயை மூடு சாமி! உம்பட ஆராய்ச்சியை நாளைக்கு வெச்சுக்க. நீங்க சொல்லுங்க.

— ஃப்ளெக்ஸ் அங்கயே இருக்கட்டும், சின்னத்தாயி. பங்காளி ஊட்டுல பொறந்தவ எனக்குத் தங்கச்சி. நர்மதா, வெயில்ல நிக்க வெக்காத. போயி உங்கத்தையை உள்ள கூட்டிட்டு வா.