கருவாடு ஏறிய மலை

— அது மட்டும் வாணாம் ரமாம்மா. பீரோ கட்டணுமா, ஃபேன் கழட்டணுமா, சொல்லுங்க, செய்றேன். அந்த டேப்பை நான் பாக்கமாட்டேன்.

— பீரோவை லாரிக்காரன் கட்டிப்பான், அயூப் பாய். கொட்டற மழைல உங்களைத் தாம்பரத்துலேர்ந்து பெருங்களத்தூருக்கு வரச்சொன்னது ஃபேன் கழட்டறதுக்கு இல்லை. நாளைக்கு நான் புனே கிளம்பறேன். பொண்ணு ப்ரியா வீட்டுல டேப் போடற டெக் கிடையாது, சிடி ப்ளேயர்தான். இன்னிக்கு விட்டா இதை நாம சேந்து உக்காந்து பாக்கவே முடியாது.

— முடியாட்டிப் போவுது.

— அப்போ குப்பைல போட்டுடட்டுமா?

— ஐயோ, இன்னாம்மா நீங்க! வைத்தி புடிச்ச டேப்பும்மா அது.

— உங்க வைத்தி எங்கே பிடிச்சார்? அவர் ஆஸ்பத்திரில படுத்துண்டு ஃபோன்ல சொன்னார். மேல் வீட்டு லோகநாயகி சாவியை வாங்கிண்டு வந்து சேப்புப் பட்டனை அமுக்கினா. முதல்ல கொஞ்ச நேரம் சீரியல் வரும், அப்பறந்தான் சைக்கிள் ரேஸ் வரும். உக்காருங்கோ. சோபாவைக் கொடுத்தாச்சு. அந்த அட்டைப்பெட்டி மேலேயே உக்காருங்கோ. உடையற சாமான் இல்லை, அவரோட சட்டைதான்.

— அவன் சட்டை மேலயா? நான் நின்னுக்கினே இருக்கேன்.

— சரி, இந்த ஸ்டூல்ல உக்காருங்கோ. காப்பி ஆறிடுத்தா?

— தெரியலம்மா.

— எனக்கும் அப்படித்தான். குடிக்கறேன், சூடா இருக்கா ஆறிடுத்தான்னு தெரியறதில்லை. உப்பு போட்டேனா போடலையான்னு தெரியறதில்லை. அழுகையாவது வரும்னு பாத்தேன், அதுவும் வரலை.

— எனக்கு மட்டும் வந்துச்சா? சுடுகாட்டுல நின்னேன். ஊரே அழுவுது, நான் ஓட்டிக்கினு வந்த அவன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு ஒயுங்கா போட்டிருக்கான்னு பாத்துக்கினு நின்னேன். கல்லு மாதிரி ஆயிட்டேன். எங்க வூட்டம்மா ஷம்சாத் பயந்துட்டா. தர்காவுக்குக் கூட்டிக்கினு போய் ஓதிக்கூட பாத்தாச்சி.

— நான் டிவியைப் போடறேன்.

— ரமாம்மா, கொஞ்சம் கேளுங்க. ஆடியில வைத்தி போனான். அன்னிலேர்ந்து எங்க வூட்ல கேபிளைக் கட் பண்ணிட்டேன். பேப்பர்ல விளையாட்டுப் பக்கம் வந்தா மடிச்சி எதிர்க்கடை லாசரஸ் கிட்ட குடுத்துடறேன், வடை கட்டிக்கோன்னு. காலேஜ் பையன் ஒருத்தன் நம்ம சைக்கிள் கடைக்கு ட்யூப் மாத்த வந்தான். 'பாய், அந்த மலை ரேஸ்ல கடைசில…'ன்னு வாயத் தொறந்தான். பஞ்சர் வண்டியோட அப்டியே வெரட்டிட்டேன். யாரு ஜெயிச்சான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் மாட்டேன்.

— ஏன் பாய்?

— அவன் தெரிஞ்சிக்காமப் போயிட்டானே. எனக்கு மட்டும் எதுக்கு? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான். ஒருத்தனை வுட்டுட்டு இன்னொருத்தன் பாக்கக்கூடாது. எங்கயாவது ரிசல்ட்டு காதுல வுயுந்தாலும் வாயத் தொறக்கக்கூடாது. நான் கடையப் பூட்டிக்கினு வர்ற வரைக்கும் டேப்புல புடிச்சி வெச்சிக்கினு குந்தியிருப்பான், பாவம். எதிர்ல டிவி கீது, போட மாட்டான்.

— தெரியும். அந்த நேரத்துல நான் ஒரு பாட்டு கேக்கக்கூட டிவியைத் தொட முடியாது. எங்கேயாவது தப்பித்தவறி நியூஸ்ல சொல்லிடுவாளோன்னு அவருக்குப் பயம்.

— ஆஸ்பத்திரிலயும் அதே கதைதான? கடையப் பூட்டிட்டு நேரா வந்தேனே, அன்னிக்கு. ரூம்ல டிவி கீது, அதுக்கு மேல ஆஸ்பத்திரிப் போர்வை போத்தியிருக்குது. இன்னாடா வைத்தி, டிவிக்குக் குளிரான்னு கேட்டேன். 'நர்சு வந்து போட்டுத் தொலைச்சா ரிசல்ட் தெரிஞ்சுடும்டா, அதான் மூடி வெச்சேன்'னான். நெஞ்சுல ஒயரை ஒட்டிக்கினு படுத்திருக்கான், அப்பவும் எனக்கோசரம் டிவிய மூடி வெச்சிருக்கான். அவன் பாக்காததை நான் எப்டிம்மா பாக்குறது?

— பாய், எனக்காகப் பாருங்கோ. காரணம் கேக்காதீங்கோ. நீங்க பாத்து முடிச்சாத்தான் எனக்கு ஒரு பாரம் இறங்கும். இல்லேன்னா அதையும் மூட்டை கட்டிண்டு புனே போகணும்.

— இன்னா பாரம்?

— முதல்ல பாருங்கோ. அப்பறம் சொல்றேன்.

— பேஜாருமா உங்களோட. வைத்தியே பரவால்ல… சரி, போடுங்க. நான் செவுத்தைப் பாத்துக்கினு குந்தியிருக்கேன்.

— அதுவும் சரி. சீரியல்தான் ஓடறது. யாரோ யாருக்கோ விஷம் வெக்கறா. இதோ, மாறிடுத்து. அடராமா, ஒண்ணுமே தெரியலையே. டேப்பு பூஞ்சக்காளான் பூத்துடுத்தா?

— இல்ல, இல்ல. அது மழை.

— செவுத்தைப் பாக்கறேன்னேளே?

— காது கேக்குதில்ல? ஹெலிகாப்டர் சத்தம் இல்லாம கமென்ட்ரி பேசுறான் பாருங்க. மழையா இருந்தா ஹெலிகாப்டரை மேல வுடமாட்டாங்கோ. மோட்டார் சைக்கிள்ல குந்திக்கினு புடிக்கிறான், கேமராக் கண்ணாடில தண்ணி வுயுது. தோ… தோ, துடைச்சிட்டான்.

— இப்போ தெரியறது. ரோட்டோரமா குடையைப் பிடிச்சுண்டு வரிசையா நிக்கறாளே, அவாள்லாம் யாரு? போலீஸா?

— நம்மள மாதிரி கிறுக்கனுங்க. முந்தின நாளே மலையேறி டென்ட் போட்டிருப்பானுங்க. ஐஸ் கொட்டினாலும் எறங்க மாட்டானுங்க. நாள் பூரா நிப்பானுங்க, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ரேஸ் தாண்டிப் பூடும்.

— அவ்வளவுதானா? அதுக்கா இத்தனை நனையறா?

— அவ்ளோதான். நம்மாளு தாண்டிப் போனான், நான் அங்க நின்னேன். அது போதும் அவனுக்கு. ரிடையர் ஆனப்பறம் ஒருதபா நாமளும் போயி நிக்கலாம்டா பாய்னு சொல்லிக்கினே இருப்பான் உங்காளு.

— எங்கிட்ட காசிக்குப் போலாம்னார்.

— என்கிட்ட இதான் சொன்னான்.

— அந்தக் கிழவர் ஏன் அவாளுக்கு நியூஸ்பேப்பர் நீட்டறார்? மழைல நின்னு படிப்பாளா?

— படிக்கறதுக்கு இல்லம்மா. ஜெர்சிக்குள்ள சொருவிக்க. ஏர்றப்ப தெப்பமா வேர்த்திருக்கும். அந்தாண்ட எறங்குறப்ப காத்து நெஞ்சைக் கிழிச்சிடும். பேப்பரை வெச்சா காத்து உள்ள போவாது. கை வெரலு மரத்துப்பூடும் பாருங்க. பிரேக்கு புடிச்சிக்கினு கீறோமா இல்லியான்னே அவனுக்குத் தெரியாது. கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும், ஓ, வெரலு பிரேக்கு மேலதான் கீதுன்னு.

— நம்மளை மாதிரிதான்.

— …ஆமாம்மா. நம்மள மாதிரிதான்.

— அவரும் ஒரு மார்கழில பேப்பரை பனியனுக்குள்ள சொருகிண்டு ஸ்டேஷனுக்குச் சைக்கிள்ல போனார், ஞாபகம் இருக்கா? சாயங்காலம் சட்டையைக் கழட்டினா மார்ல எழுத்தெல்லாம் கவுந்து ஒட்டிண்டிருக்கு. கண்ணாடில காட்டித் தலைப்புச் செய்தியைப் படிச்சார். தேச்சுத் தேச்சு என் கையே கறுத்துடுத்து.

— அந்த ஐடியா குடுத்ததே நான்தான். உங்க கிட்ட சொல்லாதன்னேன்.

— அவர் எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிடுவார்.

— ஆமா, மூஞ்சியே கண்ணாடி அவனுக்கு. ஒண்ணத்தையும் மறைக்க வராது. ரிசல்ட் தெரிஞ்சிருந்தான்னா நான் படியேறும்போதே கண்டுபுடிச்சிடுவேன். அதான் அன்னிக்கும் அவன் மூஞ்சியப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. பச்சக் கொயந்த மாதிரி படுத்திருந்தான். 'டேப்பு வூட்ல பத்திரமா கீது, நீ வந்தவுடனே பாக்கலாம்'னேன். 'பாக்கலாம்டா'ன்னான். அதான் என்கிட்ட கடைசியா சொன்னது. கடைசியா உங்க பொண்ணு பேரைச் சொல்லிட்டுத்தானே தூங்கினான்? சாவு வூட்ல எல்லார்கிட்டயும் நீங்க சொன்னீங்களே. அதை நெனச்சா கொஞ்சம் ஆறுதலா கீது. கொயந்த பேரைச் சொல்லிட்டுப் போயிருக்கான்.

— வால்யூமைக் கூட்டட்டுமா?

— கூட்டுங்க.

— ஒல்லியா ஒருத்தன் முன்னாடி போறானே. எலும்பெல்லாம் தெரியறது. சாப்பாடே போடமாட்டாளா இவாளுக்கு?

— எங்க? ஏய்! ஏ, அது நம்ம கருவாடு!

— என்னது?

— என் ஆளும்மா. பேரு வாயில நுயையாது, அதான் நாங்களே பேரு வெச்சிக்குவோம். இவன் கருவாடு. உப்பு வெச்சிக் காயப்போட்ட மாதிரி கீறான் பாருங்க. மலைன்னா பறப்பான். வைத்தி ஆளு வேற, மணியார்டர். எப்பவும் லேட்டாத்தான் வருவான், ஆனா வராம இருக்கமாட்டான்.

— மணியார்டர் வழுக்கையா, பெரிய மூக்கோட?

— உங்களுக்கு எப்டித் தெரியும்?

— அவர் சொல்லியிருப்பார்… இதோ, திரும்பியாச்சு பாருங்கோ, நீங்க. சுவத்துக்கு முதுகைக் காட்டிண்டு உக்காந்திருக்கேள்.

— எப்ப திரும்பினேன்?

— கருவாடுன்னப்பவே.

— தோத்தவன் மறுநாளு ஜெயிச்சவனைக் கேரியர்ல ஏத்திக்கினு பச்சமலை ஏத்தத்துல மிதிக்கணும். அதான் எங்க பந்தயம். உங்க வூட்டுக்காரு வெயிட்டுக்கு என் முட்டி ரெண்டும் போயிடுச்சி. இந்தவாட்டி கருவாடு ஜெயிச்சா அவன்தான் மிதிக்கணும்… பாருங்க, பாருங்க, ஐஸ் மழை. ரோடே வெள்ளையா கீது. ஏர்றான் பாருங்க, தலையே தூக்க மாட்டான்.

— பின்னாடி யாரோ வர்றா.

— எங்க?

— அந்த விளக்கு வெளிச்சத்துக்குப் பின்னாடி. வளைவுல.

— மணியார்டர்! அடப்பாவி, இந்த மழையிலயும் வந்துட்டியா? டேய் கருவாடு, திரும்பிப் பாக்காத. திரும்பினா செத்த. ஏறு! ஏறுடா! மிதி, மிதி, மிதி! வைத்தி, உன் ஆளு கிட்ட வந்துட்டான்டா, பாருடா, டேய் வைத்தி…

— பாய்.

— மிதிடா!

— பாய். கரண்ட் போயிடுத்து.

— ஆங்?

— தெருவே இருட்டிடுத்து. ட்ரான்ஸ்ஃபார்மர் கிட்ட காலைலேர்ந்து தண்ணி நிக்கறது. அதான் அணைச்சிருப்பா. மழை விட்டுத் தண்ணி வடிஞ்சாத்தான் இனிமே.

— எவ்ளோ தூரம் பாக்கி இருந்துச்சி? மூலையில நம்பர் காட்டுவானே, பாத்தீங்களா?

— இல்லை.

— …ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கினு கீறேனே நானு.

— ஆமாம். இறங்குங்கோ, பாத்து. கால் ஆடறது அதுக்கு.

— அசிங்கம். அவன் இல்ல, நான் கத்திக்கினு கீறேன்.

— கத்தினா என்ன? அவரைத்தானே கூப்ட்டேள்.

— நல்லதாப் போச்சி ரமாம்மா. ஆண்டவனே வாணாம்னு ஃபியூஸைப் புடுங்கிட்டான். அவன் பாக்கல, நானும் பாக்கல. கணக்கு சரியாப் போச்சி. டேப்பை உள்ளயே வெச்சி மூடிடுங்க.

— மூடலை. டெக்கோட தூக்கிண்டு போங்கோ. கரண்ட் எப்ப வரதோ, ஷம்சாத்தையும் பக்கத்துல உக்கார வெச்சுண்டு மிச்சத்தைப் பாருங்கோ.

— மாட்டேன். அவனுக்கு இல்லாதது எனக்கு வாணாம்.

— பாய், நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் போர்வை. அதை எப்போ போட்டோம்னு நினைக்கறேள்?

— இன்னா கேள்வி இது? ரேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.

— ஜன்னல் வழியா உங்க சைக்கிளைப் பாத்தப்பறம்தான். நீங்க கீழே பூட்டிண்டு இருக்கேள், நான் மேலே டிவியை அணைச்சுப் போர்வையைப் போடறேன். கை சுட்டுது. அவ்வளவு நேரம் ஓடின டிவி.

— ரமாம்மா…

— முழுக்கப் பாத்தார். நான் வேண்டாம், நெஞ்சுக்கு ஆகாதுன்னேன். கேக்கலை. அந்த ஐஸ் மழை, கருவாடு, மணியார்டர், கடைசிக் கோடு, எல்லாம். நர்ஸ் வந்து திட்டற அளவுக்குக் கையைத் தட்டினார்.

— அப்போ அவனுக்குத் தெரியும்?

— தெரியும்.

— என் மூஞ்சியப் பாத்துக்கினே 'பாக்கலாம்டா'ன்னான்!

— நீங்க அந்தண்டை போனதும் தலகாணில வாயைப் பொத்திண்டு சிரிச்சார். பாயை ஏமாத்திட்டேன் பாத்தியான்னு.

— இந்த நாலு மாசமா நான்… நீங்க ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!

— எப்படிச் சொல்வேன்? 'அப்பா கடைசியா என்ன சொன்னார்?'னு ப்ரியா கேட்டா. சுத்தி அத்தனை பேர் நிக்கறா. உன் பேரைத்தான் சொன்னார்னு சொல்லிட்டேன். அவர் சொன்னது அது இல்லை.

— பின்ன இன்னா சொன்னான்?

— 'யார் ஜெயிச்சான்னு அயூப்கிட்ட வாய்தவறிச் சொல்லிடாதே ரமா, நான் வீட்டுக்கு வந்து அவனோட உக்காந்து, புதுசாப் பாக்கற மாதிரி பாக்கணும்'னுட்டு, அந்தண்டை திரும்பிப் படுத்துண்டார்.