அட்டைப்படத்தில் இருந்த குழாய்க்காரர் நம்பர்

இணையத்திலும் வெளியிலும் என்னைத் 'தலைகீழ்' என்று கூப்பிடுவார்கள். வயது பத்தொன்பது. தையல் கடைக்கு மேல் மாடியில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் படம் செய்வதை வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். யாரும் வரச் சொல்லாமல் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நான் நான்கு பேர் கொண்ட ஒரு இசைக்குழுவின் ரசிகை. சென்ற ஆண்டு அவர்களுடைய பாட்டில் எட்டு விநாடி பின்னோக்கி ஓடுவதை நான்தான் முதலில் கண்டுபிடித்து, "இவங்க எதை வெளியிட்டாலும் திருப்பிப் பாருங்க" என்று பதிவு போட்டேன். என் பட்டப்பெயர் அதனால் வந்தது. அதன் பிறகு குழுவின் டிரம்ஸ் அண்ணன் அதைப் படித்துவிட்டு, புதிய ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்யக் கூப்பிட்டார். "நான் எங்கயும் படிச்சதில்லண்ணா" என்றேன். "நாங்க மட்டும்?" என்றார்.

அதன் பிறகு மூன்று வாரம் அவர்களுடைய ஒத்திகை அறையில் உட்கார்ந்து வேலை செய்தேன். அவர்கள் வாசிக்க வாசிக்க நான் நிறம் மாற்றுவேன். "இந்தப் பச்சை பாட்டை விட சத்தமா இருக்கும்மா" என்று பாடகி அக்கா சொன்னால் குறைப்பேன். கடைசியில் அந்த அறையின் துருப்பிடித்த கதவையே போட்டோ எடுத்து அட்டையில் வைத்தோம். கதவில் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் ஒட்டிய ஸ்டிக்கரில் அவருடைய போன் நம்பர் இருந்தது. அதை அழிக்கச் சொன்னார் டிரம்ஸ் அண்ணன். அழித்தால் சுற்றியிருக்கும் துரு கெட்டுவிடும் என்று நான் படத்தையே இடவலமாகத் திருப்பிவிட்டு, "இனிமே யாராலயும் படிக்க முடியாதுண்ணா" என்றேன்.

ஆல்பம் வெளியான அன்றே ரசிகர்கள் படத்தைத் திருப்பினார்கள். நம்பரை ரகசியச் செய்தி என்று நினைத்து, நான்கு நாளாகக் குழாய்க்காரரைக் கூப்பிட்டு அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். வேலைக்காக அவரைத் தேடியவர்களுக்கு லைனே கிடைக்கவில்லை. அவர் புகார் கொடுத்ததும், டிரம்ஸ் அண்ணன் இங்கே வந்து படத்தைத் திருப்பியது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "உன் பேரு முதல் தடவையா அச்சுல வந்திருக்கு. அடுத்தது கேஸ்லயா வரணும்?" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவர் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல. திருப்பியது நான். திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்.

அதன் பிறகு இணையத்தில் உள்ள படத்தில் நம்பரை அழித்துவிட்டேன். துரு கெட்டுத்தான் போனது. நேற்று காலை குழாய்க்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்ப வச்சு நான் எந்தப் பைப்பை அடைக்கிறது? நீயே எடுத்துப் பேசு" என்று போனை என் கையில் கொடுத்தார். நேற்றிலிருந்து நான்தான் பேசுகிறேன். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூன்று அழைப்பு வந்தது. இரண்டு ரசிகர்கள். மூன்றாவது, சமையலறையில் தண்ணீர் நிற்கும் ஒரு வீடு. இந்தத் தாளின் ஓரத்தில் எழுதியிருப்பது அவர்கள் முகவரி, வழக்குக்குச் சம்பந்தமில்லை. குழாய்க்காரர் வெளியே பெஞ்சில் பையோடு காத்திருக்கிறார், அதை அவரிடம் சொல்ல வேண்டும்.

டிரம்ஸ் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்தை நேராகவே போட்டிருக்கிறேன்.